ஒரு வெள்ளிப் பதக்கத்தின் வரலாறு
(கயத்தாற்றில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து அன்பரொருவர் சென்ற திங்கள் எம்மிடம் ஒரு வெள்ளிப் பதக்கம் கொணர்ந்தார். அவர்தம் பாட்டியார் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருந்த பொருள் அது. வீட்டார் அதனை வெளியிற் காட்டத் துணிந்திலர். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் இவ்வூரில் தூக்கிலிடப்பெற்றகாலை, காட்டிக்கொடுத்த கூலியாகக் கும்பினியார் இதனை அவர் முன்னோர்க்கு ஈந்தனர் என்றொரு பேச்சு வழங்கி வந்ததே காரணம். கயத்தாற்றிற் பிறந்தார்க்கு இதனினும் கொடிய பழி வேறுண்டோ? பெண் கொடுக்கவும் சிலர் தயங்கினர் என்று சொல்லுங்கால் அவர் குரல் தழுதழுத்தது.

யாம் அதனை விளக்கொளியில் வைத்து நோக்கினோம். ஐந்து முனையுடைய விண்மீன்; மேலே கிரீடம்; நடுவே முடிசூடிய தாடி வேந்தரின் முகம்; அதனைச் சுற்றி ஆங்கில எழுத்துக்கள். கதை அப்போதே ஆட்டங்கண்டது. 1799இல் ஆங்கிலேயர்க்கு அரசராயிருந்தவர் மூன்றாம் ஜார்ஜ். அக்கால நாணயங்களில் அவர் முகம் தாடியின்றியே காணப்படும். இம்முகமோ ஐந்தாம் ஜார்ஜினது! அன்றியும், அதே 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தமை குறித்துக் கும்பினியார் அடித்த பதக்கத்தில் சிங்கம் புலியை அடக்கும் உருவம் உண்டேயன்றி அரசர் தலை இல்லை.

எழுத்துக்களைக் கூட்டிப் படித்தோம். ‘ராவ் சாகிப்’ என்றிருந்தது. பட்டம் பெற்றோர் அணிதற்கென 1911இல் ஏற்பட்ட பதக்கம் இது, மூன்று வகுப்பாயிருந்தது. திவான் பகதூர் முதல் வகுப்பு. ராவ் பகதூர் இரண்டாவது. ராவ் சாகிப் மூன்றாவது. மூன்றாவதற்கே வெள்ளி. ஐந்தாம் ஜார்ஜ் 1936இல் மறைந்தார். ஆகவே இதன் காலம் 1911க்கும் 1936க்கும் இடைப்பட்டது. கட்டபொம்மன் மாண்டு நூறாண்டுக்கு மேற்சென்ற பின்னரே இது பிறந்தது.

கச்சேரிச் சேவகர் டவாலியில் அணிந்த வில்லையோ இது என்று ஐயுற்றாரும் உளர். அவ்வில்லை பெரும்பாலும் பித்தளை, வாரில் கோப்பது. இதுவோ நாடாவில் தொங்குவது.

பின்புறத்தை மெல்லிய துணியால் துடைத்தோம். கருமைக்கடியில் ஒரு பெயர் தோன்றிற்று. அன்பர் அதனைப் படித்துவிட்டு, “எங்கள் கொள்ளுத்தாத்தா, ஐயா!” என்றார். 1947இல் பட்டங்கள் ஒழிந்தபின், வெள்ளையர் தந்த பொருளென்று கூசிப் பெட்டியிலிட்டனர் போலும். மறைத்து வைத்தமையாலேயே கதை முளைத்தது.

“இனி இதைக் காட்டலாமோ?” என்று வினவினார். அந்நிய அரசின் பட்டத்தைப் பெருமையாகப் பேசுதல் எமக்கு உடன்பாடன்று. ஆயினும் இது எவர் உயிருக்கும் விலையாகப் பெற்றதன்று, காட்டலாம் என்றோம்.

இத்தகைய பொருளுடைய அன்பர்கள், எம்மிடம் கொணருமுன் திருநீறிட்டுத் தேய்த்துவிட வேண்டா. பின்புறத்து எழுத்துக்கள் ஆழமில்லாதவை.