கிளினிக் கொப்பி இருந்தால் போதுமா?

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மாதம் தவறாமல் கிளினிக் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டோம். பாதிப் பேருக்கு மேல் தூக்கினீர்கள். ஒரு வருடத்துக்குள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்தவர்கள் யார் என்று கேட்டோம். மூன்றே கைகள்.

எங்கள் அம்மாவும் அப்படித்தான். எட்டு வருடம் ஒரு கிளினிக்கையும் விடவில்லை. ஆனால் கண்ணை யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. வாத்தியார் வீடு என்று பேர் மட்டும். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், முற்றின இலை கலந்திருக்கிறது என்று ஏச்சு வாங்கி வந்தார். வயதாகிறது என்று நாங்கள் சிரித்தோம். விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அது வலிக்கவே வலிக்காது.

மாதாந்தக் கிளினிக்கில் பெரும்பாலும் சீனியையும் பிரஷரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். கண், கால், சிறுநீரகம் மூன்றையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்குச் சிறுநீரும் இரத்தமும் சோதித்தால் போதும். "டொக்டர், கண் பார்த்து ஒரு வருஷமாச்சு" என்று நாம்தான் வாய் திறக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், துணைக்கு ஆளோடு போங்கள்.

மரத்துப்போன காலில் தேயிலைக் குச்சி குத்தினாலும் தெரியாது. மலையால் வந்து கால் கழுவும்போது விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. 35 வயதிலும் 45 வயதிலும் சுவநாரி கிளினிக்கில் கருப்பை வாசல் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். "எனக்குத்தான் மாசா மாசம் கிளினிக் இருக்கே" என்று அக்காமார் அதை விட்டுவிடுகிறார்கள். சீனிக் கிளினிக்கில் அதைப் பார்ப்பதில்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் திகதி கேளுங்கள்.

வைத்தியம் இலவசம்தான், அன்றைய பேர் போய்விடுகிறதே என்பீர்கள். நியாயம். ஒரு தோட்டத்தில் கிளினிக் போன நாளையெல்லாம் வேலைக்கு வராத நாளாகப் போட்டிருக்கிறார்கள். கொப்பியில் திகதி இருந்தால் அந்த நாளை அப்படிக் கணக்கெடுக்கக் கூடாது, குறைந்தது அரைப்பேராவது போட வேண்டும் என்று துரையிடம் பேசப் போகிறோம். வெறும் வாயோடு போனால் எடுபடாது. யாருக்கு எத்தனை நாள் வெட்டினார்கள் என்ற கணக்கு வேண்டும்.

கொப்பி கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். எதை எப்போது பார்த்தார்கள், எது இன்னும் பார்க்கவில்லை என்று உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.