ஏஜென்டிடம் எல்லாச் சாவியையும் கொடுக்க வேண்டாம்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனாலும் இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் பராமரிப்புக் கட்டணக் கணக்குக்கான செயலியை நம் பிளாக் பிள்ளைகள் இருவர் ஒரு பைசா வாங்காமல் எழுதித் தருவது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு உதவியாக ஒரு ஏஐ ஏஜென்ட் இருக்கிறது. சொன்னால் போதும், அதுவே ஃபைலைத் திறந்து, திருத்தி, கட்டளைகளையும் ஓட்டிவிடும்.

போன மாதம் ஒரு நாள் இரவு, "இந்தப் பிழையைச் சரி செய்" என்று அதனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தால் மூன்று நாள் வேலையைக் காணோம். ஏஜென்ட் ரொம்பப் பணிவாக மன்னிப்புக் கேட்டிருந்தது!

என்ன நடந்தது என்று உட்கார்ந்து விசாரித்தேன். 'கிட்' என்று ஒரு மென்பொருள். லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. நம் லெட்ஜர் மாதிரிதான். மாற்றத்தை 'கமிட்' செய்தால் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிவாகிவிடும்; பழையதற்குத் திரும்பலாம். கமிட் செய்யாதது, இன்னும் லெட்ஜரில் ஏற்றாத துண்டுச் சீட்டு. 'கிட் ரீசெட் ஹார்டு' என்ற கட்டளை அந்தச் சீட்டுகளைக் கேட்காமலே கிழித்துவிடும். 'ஃபோர்ஸ் புஷ்' இன்னும் மோசம். எல்லோருக்கும் பொதுவாகச் சர்வரில் இருக்கும் லெட்ஜரின் பக்கங்களையே மாற்றிவிடும். நீங்கள் கட்டிய பணத்துக்குக் கணக்கு எழுதப்போகும் செயலி அது.

ஏஜென்டுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. மேஜை குழம்பிக் கிடந்தால் துடைத்துவிட்டு ஆரம்பிப்பது சுலபம். மேஜையில் கிடந்தது யாருடைய உழைப்பு என்பது அதற்குத் தெரியாது.

"இனிமேல் எதையும் அழிக்காதே என்று எழுதி வைத்துவிட்டோம், அங்கிள்" என்றார்கள். அது போதாது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர், எதையும் மாற்றாதே என்று ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்டிடம் திரும்பத் திரும்பச் சொல்லியும், அது நிஜத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. அவர் முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது, அது வேறு கதை.

வங்கியில் கேஷ் சேஃபுக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். 'தயவு செய்து திறக்காதீர்கள்' என்று போர்டு மாட்டி நாங்கள் பணத்தைக் காப்பாற்றவில்லை.

இங்கேயும் அப்படித்தான். அழிக்கும் கட்டளைகளை ஏஜென்டின் செட்டிங்கிலேயே தடுக்கலாம். ஆனால் அது தானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அதற்குள் அதே கட்டளையை வைத்துவிட்டால்? அதனால் சர்வரிலேயே முக்கியக் கிளைக்கு ஃபோர்ஸ் புஷ் செல்லாதபடி பூட்ட வேண்டும். அந்தப் பூட்டைத் திறக்கும் அட்மின் உரிமை ஏஜென்டின் கணக்குக்கு இருக்கக் கூடாது. லேப்டாப்பில் கிடக்கும் துண்டுச் சீட்டுகளுக்கு இந்தப் பூட்டு உதவாது; ஏஜென்டிடம் வேலை கொடுக்குமுன் கமிட் செய்தே ஆக வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கச் சொன்னால் என்ன என்றார் ஒருவர். மாத முதல் தேதி கூட்டத்தில், வவுச்சரைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். நான் தப்பாக எழுதிய வவுச்சர் ஒன்று அப்படிப் பாஸாகி, கணக்கு டேலி ஆகாமல் இரவு ஒன்பது மணி வரை எல்லோரும் தேடினோம். எல்லாவற்றுக்கும் கேட்டால் நம் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்றுதான் அமுக்குவார்கள். அழிக்கும் நாலைந்து கட்டளைகளுக்கு மட்டும் கேட்கட்டும்.

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அட்மின் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டிப் பொருளாளரிடம் கொடுக்கிறோம். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள். காலையில் நடைப்பயிற்சிக்குக் கீழேதான் இருப்பேன். செயலி தொடங்கி மூன்று மாதம் வரை பழைய ரசீது நோட்டும் ஓடும். உங்கள் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.