வயிற்றுப் புண்: அமிலமும் நுண்ணுயிரும்



தோட்டப்புற வாழ்வை அறிந்தோர் இங்குப் பலர் உள்ளீர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெறும் வயிற்றோடு பால்மரம் சீவச் சென்றவர்க்கு வயிறு எரிந்தபோது, "வேளைக்கு உண்ணாததால் வந்த புண், காரத்தால் வந்த புண்" என்றோம். நோயாளியையே குற்றவாளியாக்கிய அக்கூற்று முழு உண்மையன்று.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் மருத்துவர் இருவரின் ஆய்வால், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் 1982இல் முதன்முதலாக வளர்த்தெடுக்கப்பட்டது. 2005இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். வயிற்றுப் புண்ணின் இருபெருங் காரணங்களுள் ஒன்று இந்நுண்ணுயிர். மற்றொன்று வலிநீக்கி மாத்திரைகள்.

கடும் அமிலத்தில் இஃது எவ்வாறு பிழைக்கிறது? யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது.

அழற்சி மிகும் இடத்திற்கேற்ப விளைவு மாறும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அது மிகுந்தால், அமிலச் சுரப்புக்குக் கடிவாளமாகிய சோமட்டோஸ்டாட்டின் குறைகிறது. சுரப்பைத் தூண்டும் கேஸ்ட்ரின் பெருகுகிறது. அமிலம் மிகுந்து முன்சிறுகுடலில் புண் தோன்றுகிறது. மாறாக, இரைப்பையின் நடுப்பகுதியெங்கும் அழற்சி பரவினால், அமிலம் சுரக்கும் உயிரணுக்களே நலிந்து சுரப்புக் குறைகிறது. இவர்களுக்கு இரைப்பைப் புண்ணும், நாளடைவில் சிலர்க்குப் புற்றுநோயும் வரக்கூடும். ஆகவே, புண் உள்ளோர் அனைவர்க்கும் அமிலம் மிகுதி என்று கருதலாகாது.

இது நமக்கு அயலான செய்தியன்று. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகளில் இத்தொற்று மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் மிகுதியாகக் காணப்பட்டது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வீட்டாரிடமிருந்து தொற்றுவது இது.

அமிலத்தைத் தணிக்கும் மருந்து எரிச்சலை ஆற்றும், புண்ணையும் ஆற்றும், நுண்ணுயிரை அகற்றாது. மருந்தை நிறுத்தினால் புண் மீளக்கூடும். மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ தொற்றை அறியலாம். அமிலம் குறைக்கும் மாத்திரை உண்போர், மருத்துவரின் சொற்படி, சோதனைக்கு இரு வாரம் முன்பே அதனை நிறுத்த வேண்டும். இன்றேல் இருக்கும் தொற்றும் புலப்படாது போகலாம். இரண்டு அல்லது மூன்று நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளோடு அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் உண்ண வேண்டும். எரிச்சல் தணிந்ததென்று இடையில் விடலாகாது. தொற்று நீங்கினால் கேஸ்ட்ரினும் தணியும். மலம் கறுத்தாலோ உடல் மெலிந்தாலோ காலந்தாழ்த்தலாகாது.

இனி வீட்டில் எவரேனும் வயிறு எரிகிறதென்றால், "வேளைக்கு உண்டாயா?" என்று கடியுமுன், "சோதனை செய்தாயா?" என்று கேளுங்கள்.