மறைக்காமல் பேசுங்கள்



நம் இராமநாதபுரம் கடற்கரையில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முன்பு போனவர்கள் கடிதம் எழுதினார்கள். பிறகு கேசட்டில் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வருகிறவர் கையில் ஒரு சி-60, சி-90 வந்து சேரும். டேப்ரெக்கார்டரைச் சுற்றி வீடே உட்காரும். பதில் கேசட்டில் அம்மா பேச்சோடு சேவல் கூவுவதும், அண்ணி பிள்ளையை அதட்டுவதும் பதிவாகிப் போகும். அங்கே கேட்டவருக்கு அந்தச் சேவல் சத்தமே பெரிய செய்தி.

அந்த நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டார் மகனுக்கு எழுத மாட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. கடிதம் போய்ச் சேர வாரக் கணக்கில் ஆகும். அவன் படிக்கும்போது இங்கே காய்ச்சல் விட்டிருக்கும். விட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிய இன்னொரு கடிதம் போக வேண்டும். அதுவரை அவன் எப்படித் தூங்குவான்? மறைத்தது அன்பினால்.

இன்று நொடியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது. தாமதம் ஒழிந்தது; மறைக்கும் பழக்கம் ஒழியவில்லை. அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் மகனிடம் சொல்கிறோம். அவனோ மாதக் கணக்கில் சம்பளம் வராததைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தன் முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்து, "நல்லா இருக்கேம்மா" என்கிறான். அதை நம்பி இங்கே வட்டிக்கு வாங்கித் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பேசுகிறோம்.

தெரிந்து என்ன செய்ய முடியும் என்பீர்கள். முடியும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் 2015 முதல் குடும்பத்தாரே இங்கிருந்து புகார் பதியலாம். அது அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும். அயலகத் தமிழர் நலனுக்கென்று நம் மாநில அரசிலும் ஆணையரகம் இருக்கிறது. விஷயம் தெரிந்தால்தானே மனு எழுத முடியும்?

"சாப்பிட்டியா என்பதைத் தவிர என்ன பேசுகிறார்கள்?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடிக்காது. அதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிற தெம்பில்தான் பலர் மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். நான் வேண்டுவது அதற்கு அடுத்த கேள்வி. சம்பளம் வந்ததா? பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா? உடம்புக்கு என்ன?

அதைக் கேட்கவும் நேரம் வாய்க்க வேண்டும். சவுதி, குவைத், கத்தார் எல்லாம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். வேலை முடிந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு அவன் நிமிரும்போது அங்கே இரவு ஒன்பது, இங்கே பதினொன்றரை. அம்மா தூங்கியிருப்பார். அறையில் ஆறு பேர், எட்டு பேர். அத்தனை பேர் காதில் விழும்படி எவன் தன் கஷ்டத்தைச் சொல்வான்?

அந்த நாடுகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வருகிற வெள்ளியன்று அவனை அறையை விட்டு வெளியே வந்து தனியாகப் பேசச் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்கள் வீட்டு உண்மையைச் சொல்லுங்கள்: அப்பாவின் மாத்திரை, அடகில் இருக்கும் நகை, உங்கள் மூட்டுவலி. நீங்கள் மறைக்காவிட்டால் அவனும் மறைக்க மாட்டான். தாய்மார்களே, இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.