செஃப் கோட்டும் சித்தி பத்த வச்ச நூலும்

போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டு ஆரணி போயிருந்தேன். பட்டுப்புடவை எடுக்கவான்னு எல்லாரும் கேட்டாங்க. இல்லை, செஃப் கோட் எடுக்க.

சித்தி பையன் பிளஸ் டூ முடிச்சு கேட்டரிங் கோர்ஸ்ல சேர்ந்திருக்கான். அந்த வீட்ல தறியை விட்டு வெளிய போற முதல் ஆள். காலேஜ்ல ஒரு லிஸ்ட் கொடுத்திருந்தாங்க: கோட் ரெண்டு, கட்டம் போட்ட பேன்ட் ரெண்டு, ஏப்ரன், தொப்பி, வழுக்காத கருப்பு ஷூ, இருபது ஐட்டத்தோட ஒரு கத்தி செட். கூடவே ஒரு கடையோட விசிட்டிங் கார்டு. அங்க விசாரிச்சா மொத்தம் 14,000 ரூபாய்.

சித்தப்பா அதைக் கேட்டுட்டு, "முதலாளிகிட்ட அட்வான்ஸ் கேட்டுக்கலாம்"னு மட்டும் சொன்னார். இது சாதாரண வார்த்தை இல்லை. பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தா கூலி. வாங்கின அட்வான்ஸ் கழியற வரைக்கும், வேற இடத்துல கூலி கூட கிடைச்சாலும் சட்டுனு போக முடியாது. எங்க ஆபீஸ் பாஷையில இதுக்குப் பேர் வெண்டர் லாக்-இன். பையன் தறியை விட்டுப் போறதுக்கு அப்பா இன்னும் இறுக்கிக் கட்டிக்கணுமா?

அதனால முதல் வேலையா காலேஜுக்கு போன் போட்டேன். "அந்தக் கடையிலதான் வாங்கணுமா?" "இல்லை சார், மாடல் சரியா இருக்கணும், லோகோ மட்டும் எங்ககிட்ட வாங்கித் தைச்சுக்கோங்க." ரெண்டு நிமிஷ போன். லிஸ்ட்டைப் பார்த்து பயந்துட்டு இதை யாருமே கேக்கறதில்லை.

தம்பி அதுக்குள்ள ஆன்லைன்ல ஒரு கோட் வாங்கி வச்சிருந்தான். விலை கம்மி, லேபிள்ல நூறு சதவீதம் காட்டன். சித்தி தறியிலிருந்து எழுந்து வந்து தடவிப் பார்த்தாங்க. "இன்னாடா துணி இது, வழவழன்னு கீது?" உள்மடிப்புல ரெண்டு நூல் உருவி, முறுக்கி, தீக்குச்சியைப் பத்த வச்சாங்க.

ஆரணியில பட்டைச் சோதிக்கிற வழி அதுதான். நிஜப் பட்டு எரிஞ்சா முடி கருகற வாசனை வரும், சாம்பல் விரல்ல பொடியாகும். பருத்தின்னா காகிதம் எரியற வாசனை, மெத்துன்னு சாம்பல். தம்பியோட கோட் நூல் உருகி, நுனியில கறுப்பா ஒரு மணி மாதிரி இறுகிடுச்சு. பாலியஸ்டர் கலப்பு.

அயர்ன் பண்ண சுலபம்னு கலப்புத் துணி நிறைய இடத்துல போடறாங்க, உண்மைதான். ஆனா அடுப்புத் தீ பிடிச்சா பருத்தி எரியும், பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டிக்கும். இப்பதான் கடாய் பிடிக்கக் கத்துக்கிற பையனுக்கு எது வேணும்னு சித்தி யோசிக்கவே இல்லை. கோட் திரும்பப் போயிடுச்சு.

பஜார்ல வெள்ளை ட்ரில் காட்டன் எடுத்தோம். சீனியர் ஒருத்தன்கிட்ட இரவல் வாங்கின கோட்டை மாடலா வச்சு, ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர்கிட்ட கொடுத்தோம். துணியை ராத்திரி ஊறவச்சு காயவச்சுதான் வெட்டணும், இல்லைன்னா முதல் துவையல்லயே சுருங்கிடும். இன்னொண்ணு, முன்பக்கம் ரெட்டை மடிப்பு கட்டாயம். செலவுக்குப் பயந்து டெய்லர் அதைக் குறைக்கப் பார்த்தார், விடலை. அந்த மடிப்புதான் சூடு நெஞ்சுக்கு வராம தடுக்கும். கறை பட்டா மேல இருக்கிறதை உள்ள மாத்திப் பொத்தான் போட்டுக்கலாம்.

கத்திக்கு வேலூர் போனோம், லாங்கு பஜார் பக்கம். இருபது ஐட்டம் செட்டை சீனியரே வேண்டாம்னுட்டான், பாதி உறையிலேயே தூங்குமாம். எட்டு இஞ்ச் செஃப் நைஃப் ஒண்ணு, சின்னக் கத்தி ஒண்ணு, பீலர், ஒரு சாணைக்கல். பெரிய கத்தியில மட்டும் கஞ்சத்தனம் பண்ணலை. இரும்பு கைப்பிடியோட கடைசி வரைக்கும் போகுதான்னு பாருங்க. மிச்சத்தை வாத்தியார் கேக்கும்போது வாங்கிக்கலாம். ஷூவை மட்டும் போட்டு நடந்து பார்த்து வாங்கினோம்.

எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. சித்தியோட சீட்டுப் பணத்துலயே முடிஞ்சது. சித்தப்பா முதலாளி வீட்டுக்குப் போகலை.

முதல் நாள் போட்டோ அனுப்பினான். கை ரொம்ப நீளம். "துவைக்கத் துவைக்கச் சரியாயிடும்"னு டெய்லர் சொல்லியிருக்கார். நாலு வாட்டி துவைச்சாச்சு, இன்னும் மடிச்சுதான் விட்டுக்கிட்டிருக்கான்.