கையடங்கும் போர் விமானம்

அச்சில் வார்த்த சிறு போர் விமானங்களைத் திரட்டுவது பிள்ளை விளையாட்டே என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். டில்லியில் பாலம் விமான நிலையத்தருகே உள்ள விமானப்படைக் காட்சிச்சாலையில் ஹரிக்கேன் விமானத்தைக் கண்ட பின்னரே, அதன் சிற்றுருவை வாங்கி மேசைமீது வைத்தோம்.

துத்தநாகக் கலப்பு உலோகத்தை உருக்கி, எஃகு அச்சினுள் அழுத்தத்தோடு செலுத்தி இவற்றை வார்ப்பர். ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பது பலரும் கொள்ளும் அளவு. 40 அடி இறக்கை ஏழங்குலத்துக்குள் அடங்கிவிடும். இந்த அளவுக்கும் போருக்கும் உறவுண்டு. வானில் வருவது நண்பனா, பகைவனா என்று வீரர்கள் அறியப் பழகும்பொருட்டு, 1942-இல் அமெரிக்கக் கடற்படை இதே அளவில் 5 லட்சம் மாதிரிகளைப் பள்ளி மாணவரைக் கொண்டு செய்விக்க முற்பட்டது.

நாம் வாங்கிய சிற்றுருவின் பெட்டியில் ‘இம்பால், 1944’ என்றிருந்தது. இறக்கை வட்டத்தின் நடுவிலோ சிவப்புப் பொட்டு! அதுவே பிழை. ஜப்பானிய விமானங்களின் அடையாளம் செவ்வட்டம். தம்மவரே தம்மவரைச் சுட்டுவிடாதிருக்க, பர்மாப் போர்முனையில் அச்சிவப்பை நீக்கிவிட்டனர். இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் போரிட்ட நமது முதலாம் ஸ்க்வாட்ரன் ஹரிக்கேன்களும் சிவப்பின்றியே பறந்தன.

மெல்லிய தூரிகை கொண்டு, வெளிர் நீலத்தால் அப்பொட்டை மறைத்தோம். கடுகளவு வண்ணந்தான், ஆயினும் அன்று ஒரு விமானியின் உயிர் அதைப் பொறுத்திருந்தது. ஆகவே, திரட்டுவோர் நுணுக்கம் பார்ப்பது வீண் பிடிவாதமன்று. மெய்யாகப் பறந்தவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை எனலாம்.