தானே தரையிறங்கும் வானூர்தி

தேர்த் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் மக்களின் தலைகளுக்கு மேலே வண்டுபோல் இரைந்துகொண்டு நிற்கும் சிறிய பறக்கும் பொறிகளை நேயர்களுட் பலர் கண்டிருப்பர். ஆளில்லா வானூர்தி என்றும் ட்ரோன் என்றும் அவற்றை வழங்குவர். நான்கு சுழலிகள், அவற்றைச் சுழற்றும் நான்கு மோட்டார்கள், ஒரு கமரா, ஒரு பற்றரி, யாவற்றையும் ஆளும் உள்ளங்கையளவான கணினி. பெரும்பாலான ஊர்திகளில் இவ்வளவே உள்ளன. இறக்கையுள்ள விமானம் இயந்திரம் நின்றபின்னரும் சிறிது தூரம் காற்றில் மிதந்து செல்லும். சுழலிகள் நின்றுவிட்டால் இவ்வூர்தியோ கல்லைப்போல் விழும். ஆகவே அதன் உயிர் முழுவதும் பற்றரியிலேயே தங்கியுள்ளது.

இவ்வூர்தியை இயக்குவோர் பெரிதும் அஞ்சும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஊர்தி ஓர் ஏரியின் நடுவே நிற்கின்றது. பற்றரியில் இன்னும் 40 வீதம் மின் எஞ்சியிருப்பதாகக் கையிலுள்ள திரை காட்டுகின்றது. திடீரென எச்சரிக்கை மணி ஒலிக்கின்றது. எவரும் கட்டளையிடாமலே ஊர்தி கீழிறங்கத் தொடங்குகின்றது. அது தரையில் இறங்கியிருந்தால், எடுத்துப் பார்ப்பவருக்கு வியப்பொன்று காத்திருக்கும். பற்றரி மீண்டும் நலமாகவே இருக்கும். பொறி பொய் சொல்லிற்று என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் பெரும்பாலும் பொய் சொன்னது பொறியன்று. திரையிலிருந்த 40 என்னும் எண்ணே.

இதனை விளங்கிக்கொள்ளப் பற்றரியின் உள்ளே சற்று நோக்கவேண்டும். அங்கே இலிதியம் கொண்ட கலங்கள் மூன்றோ நான்கோ தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முழுதாக மின்னேற்றிய ஒரு கலத்தின் மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ற்று. அது ஏறத்தாழ 3 வோல்ற்றுக்குக் கீழே சென்றால் கலம் பழுதுபடும். ஊர்தியும் விழும் நிலையை அடையும். ஒவ்வொரு கலத்துக்கும் உட்தடை என்று ஒன்றுண்டு. மின்னோட்டம் பாயும்போது அத்தடையில் ஒரு பகுதி மின்னழுத்தம் வீணே இழக்கப்படுகின்றது. உட்தடை 0.02 ஓம் என்றும் மின்னோட்டம் 15 அம்பியர் என்றும் கொள்வோமாயின், இழப்பு 0.3 வோல்ற்று. ஓய்வில் 3.8 வோல்ற்றுக் காட்டும் கலம் பறக்கும்போது 3.5 காட்டும். இதில் அபாயம் எதுவுமில்லை. குளிர்காலை ஒன்றில், அல்லது கலம் முதுமையடைந்தபின், அதே உட்தடை மும்மடங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 0.9 வோல்ற்று, எஞ்சுவது 2.9. கணினி அபாயக் கோட்டைத் தாண்டியதைக் காண்கின்றது, உடனே இறங்குகின்றது. தரையைத் தொட்டு மோட்டார்கள் நின்றதும் மின்னோட்டமும் நிற்கின்றது, இழப்பும் நீங்குகின்றது, மின்னழுத்தம் பழைய 3.8க்கு மீள்கின்றது. பற்றரி நலமாக இருப்பதுபோல் தோன்றுவதன் இரகசியம் இதுவே.

அப்படியாயின் 40 வீதம் என்பது எங்கிருந்து வந்தது? பற்றரிக்குள் அமைந்த சிறு சுற்று ஒன்று வெளியே சென்ற மின்னைக் கணக்கிட்டு, முழுக் கொள்ளளவிலிருந்து கழித்து அவ்வெண்ணைத் தருகின்றது. கொள்ளளவு காலத்தால் குறைந்துபோனதை அது சரியாக அறியாவிடின் கணக்குத் தவறும். மேலும், தொடரிலுள்ள கலங்களுள் ஒன்று மட்டும் நலிந்திருந்தால் மற்றவற்றின் வலிமையாற் பயனில்லை. மூவர் சேர்ந்து தோணி வலிக்கையில் ஒருவர் மயங்கி விழுந்தாலும் மற்ற இருவர் கரை சேர்க்கலாம். தொடரிணைப்பிலோ அந்த ஆறுதலும் இல்லை. புத்திசாலி மின்கலம் என்று விற்போர் பெயரிட்டாலும், அதன் புத்தி அளவுக்கு உட்பட்டதே.

குளிர்நாட்டார் பறக்குமுன் பற்றரியைச் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றிக்கொள்கின்றனர். வெப்பநாடுகளில் பகை வேறு. முழு மின்னேற்றத்துடன் வாரக்கணக்கில் வைத்திருத்தலும், வெயிலில் மூடிய மோட்டார் வண்டிக்குள் விட்டுவிடுதலும் கலத்தை முதுமையடையச் செய்யும். நெடுநாள் வைத்திருப்பதற்குப் பாதியளவு மின்னேற்றமே ஏற்றது. உப்பிய பற்றரியைப் பறக்கவிடவே கூடாது. ஊர்தி தானே இறங்கத் தொடங்கினால், அதை மேலே ஏற்ற முயல்வது பலருடைய முதல் எண்ணம். ஏறுவதற்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். அதனால் மின்னழுத்தம் மேலும் சரியும். இறங்கும்போதே பக்கவாட்டில் நகர்த்தப் பல ஊர்திகள் இடந்தருகின்றன. ஆளற்ற வெளியொன்றைத் தேடி அதனைச் செலுத்துவதே அறிவுடைமை.

இறங்குதல் நல்வாய்ப்பு என்பதை வேறு சில நிகழ்ச்சிகள் காட்டின. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்காவின் கோப்ரோ நிறுவனம் கார்மா என்னும் ஊர்தியை விற்பனைக்கு விட்டது. சில ஊர்திகள் பறக்கையில் மின்னிழந்து விழவே, நவம்பர் 8ஆம் திகதி ஏறத்தாழ 2,500 ஊர்திகளையும் திரும்ப அழைத்தது. பற்றரியைப் பிடித்துவைக்கும் கொளுக்கி உறுதியற்றிருந்ததே காரணம். இரசாயனமும் இல்லை, கணினியும் இல்லை, ஒரு கொளுக்கி. நல்லவேளையாக எவரும் காயமுற்றதாக அறிவிக்கப்படவில்லை. 2018 ஒக்டோபரில் பிரித்தானியாவின் குடிசார் வான்போக்குவரத்து அதிகாரசபை, டி.ஜே.ஐ. நிறுவனத்தின் மெட்ரிஸ் 200 வரிசை ஊர்திகள்பற்றி எச்சரிக்கை விடுத்தது. போதிய மின் இருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருக்கையிலேயே சில ஊர்திகள் முற்றாக மின்னிழந்து விழுந்திருந்தன. பொலிஸ் படைகள் பயன்படுத்திய ஊர்திகளும் அவ்வகையினவே. பின்னர் உற்பத்தியாளர் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டனர். இவ்வூர்திகளுக்கு எச்சரிக்கை மணி ஒலிக்கவும் வேளையில்லை.

மனிதர் அருகில் இல்லாத இடத்திலே இத்தகைய ஊர்தி என்ன செய்யும்? செவ்வாய்க் கோளில் 2021 ஏப்பிரல் 19ஆம் திகதி முதன்முதற் பறந்த இன்ஜெனுயிற்றி என்னும் 1.8 கிலோகிராம் நிறையுள்ள சிறு ஹெலிகொப்டர் இதற்கு விடை தந்தது. அதன் இலிதியம் கலங்கள் ஆறு. பகலில் சூரிய ஒளியால் மின்னேற்றி, இரவின் கடுங்குளிரில் அம்மின்னாலேயே தன்னைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். 2022 மே மாதத் தொடக்கத்தில், தூசு சூரிய ஒளியை மறைத்தமையால், இரவில் பற்றரி வற்றிற்று. கடிகாரம் நின்று பின் தவறான நேரத்தில் விழித்தது, தொடர்பு அறுந்தது. அருகிலிருந்த பெர்சிவியரன்ஸ் ஊர்தி தன் வேலையை ஒதுக்கிவைத்து ஏறத்தாழ ஒரு செவ்வாய்ப் பகல் முழுதும் செவிசாய்த்துக் காத்திருந்தது. மே 5ஆம் திகதி மீண்டும் குரல் கேட்டது. சூடாக்கிகள் இயங்கத் தொடங்கும் வெப்பநிலையை -15 பாகையிலிருந்து -40 பாகைக்குத் தாழ்த்தி மின்னைச் சேமிக்க அறிஞர்கள் கட்டளை அனுப்பினர். குளிரால் உறுப்புக்கள் உடையக்கூடும் என்பதை அறிந்தே அத்துணிவை மேற்கொண்டனர்.

2023 ஜூலை 22ஆம் திகதி 53ஆம் பறப்பு. 136 விநாடி பறந்து 203 மீற்றர் செல்லவேண்டியது. 74 விநாடியில், 142 மீற்றரில் தானே தரையிறங்கிவிட்டது. இம்முறை பற்றரியிற் குறையில்லை. கமராவின் படங்களும் அசைவை அளக்கும் கருவியின் தரவுகளும் காலத்தால் ஒத்துவராமையால், உடனே இறங்கு என்ற கட்டளை உள்ளேயே பிறந்தது. பூமியிலிருந்து செய்தி செல்லப் பல நிமிடங்களாகும்; கேட்டு முடிவு செய்ய எவரும் இல்லை. ஐயம் தோன்றியதும் இறங்கிவிடுமாறு அமைத்தவர்களின் முன்யோசனையே அன்று அதனைக் காத்தது. 12 நாட்களின்பின், ஆகஸ்ட் 3ஆம் திகதி, நின்ற இடத்திலேயே 25 விநாடி எழும்பி இறங்கும் சிறு சோதனைப் பறப்பொன்று நடத்தப்பட்டது. ஐந்து பறப்புகளுக்கென அனுப்பப்பட்ட அவ்வூர்தி, 2024 ஜனவரி 18ஆம் திகதி தன் 72ஆம் பறப்பின் முடிவில் சுழலி சிதைந்து ஓய்ந்தது. அதன்பின்னரும் பற்றரி உயிருடனேயே இருந்தது.